யார் லைனிலும் ஓடும் பெட்டி

நவம்பர் 3, வியாழன்

கம்பெனிக்காரன் வந்தான். பெயர் கிரிதரன், ஊர் மதுரை. 'பொன்திரை' என்ற இன்டர்நெட் டிவி கம்பெனியின் ஆள். பதினொன்றே காலுக்கு வந்தவன் பன்னிரண்டரைக்குப் போனான். டீயை முழுதாகக் குடிக்கவில்லை. அடியில் ஒரு வாய் விட்டுவைத்தான். குடிக்கிற டீயிலேயே மிச்சம் வைக்கிறவன் பேச்சில் எவ்வளவு மிச்சம் வைப்பான்?

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, கேபிள் காலம் முடிஞ்சுபோச்சு. இனிமே இன்டர்நெட் டிவிதான். பெட்டி நாங்க சும்மாவே தர்றோம். ஒயரும் எங்களோடது. உங்க வீடுகளை எங்ககிட்ட விடுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்." டிசம்பர் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாண்டினால் இதே புளியங்குடியில் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். சோதனைக்கு என்று ஒரு ஒயரை இழுத்து, ஒரு பெட்டியை நம் ஆபீஸில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

மீதியை நாங்க பாத்துக்கறோம். இதே வார்த்தையை 2016 ஆகஸ்டில் வேறொரு கம்பெனிக்காரன் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். அவன் கொடுத்த 430 பெட்டியையும் நானும் என் வீட்டுக்காரரும் வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டினோம். "நான் பொறுப்பு" என்று என் வாயால் சொன்னேன். ஆறே மாசம். 2017 பிப்ரவரி 20, திங்கட்கிழமை காலை, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஊர் முழுக்கப் படம் நின்றது. கம்பெனி நொடித்துவிட்டது. வேறு கம்பெனி சிக்னலைக் கொடுத்துப் பார்த்தோம். அந்தப் பெட்டி எதையும் எடுக்கவில்லை. அவன் சிக்னலுக்கு மட்டுமே திறக்கிற பூட்டு அது. பச்சை விளக்கு எரியும், படம் வராது.

கொண்டுவந்து என் வாசலில் போட்டார்கள். சிலர் கையில் கொடுத்தார்கள். தையல்கார இராசம்மாள் ஈரம் காயாத கோலத்தின் மேல் வீசினாள். பதினொரு புள்ளிக் கோலம். என் வீட்டுக்காரர் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி என்று டாக்டர் எழுதினார். நான் எழுதினால் வேறு எழுதுவேன். கம்பெனிக்காரனைப் போனில் பிடித்தபோது "நான் எப்பம்மா பொறுப்புன்னு சொன்னேன்?" என்றான். அன்றிலிருந்துதான் டைரி. படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் யார், என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதத் தெரியும்.

பின்கட்டு அறையில் 316 பெட்டி இன்னும் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. சாட்சி வேண்டும்.

'தங்கம் கேபிள்' வீடுகள் இன்று 212. இதுவும் போனால் அப்புறம் ஆவுடைத்தங்கம் என்ற என் பெயருக்கு இந்த ஊரில் என்ன வேலை.

நவம்பர் 4, வெள்ளி

குக்கர் வளையம் தென்காசியிலும் இல்லை. அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்களாம். மற்ற கம்பெனி வளையம் அதில் உட்காராது. குக்கர் புதுசு மாதிரி பளபளக்கிறது. இனி தவிடு போட்டு வைக்கலாம்.

நவம்பர் 8, செவ்வாய்

பூரணம் பதினொரு மணிக்கு ஒரு கட்டைப் பையோடு போனாள். இரண்டு மணிக்கு வந்தாள். எங்கே என்றால் "இங்கனதான் அத்தை" என்றாள். செருப்பில் செம்மண். நம் தெருவில் கரிசல், பஸ் ஸ்டாண்டு பக்கம் சிமெண்டு. செம்மண் வடக்குத் தெருவில்தான்.

பூரணம் என் மருமகள். மகன் சார்ஜாவில் இருக்கிறான். லைன் வேலை, கம்ப்யூட்டர் வேலை, படம் வராத வீட்டுக்காரரின் வசவு வாங்குகிற வேலை எல்லாம் இவள்தான். கெட்டிக்காரி. அதனால்தான் கவனமாக இருக்கிறேன்.

வடக்குத் தெருவில் இருப்பது பால்துரை. ஊரின் இன்னொரு கேபிள்காரன். முதலில் என் வீட்டுக்காரரிடம் டிஷ் மாட்ட ஏணி பிடித்தவன், பிறகு தனியாகக் கடை போட்டவன். 1996 மார்ச் 13, புதன்கிழமை, உலகக் கோப்பை அரையிறுதி. கேபிளை நம்பி அண்டெனாவைக் கழற்றி எறிந்த 380 வீடு நமக்கு. ஆட்டம் ஆரம்பித்து அரைமணிகூட ஆகவில்லை, மண்டி முக்குக் கம்பத்தில் நம் ஒயர் அறுந்து தொங்கியது. அறுத்தது பால்துரை என்று ஊருக்கே தெரியும். ஜனங்கள் போய் அவன் டிஷ்ஷை உடைத்தார்கள். நான் போகச் சொல்லவில்லை. அவர்களாகப் போனார்கள்.

அவனோடு இருபத்தாறு வருஷமாகப் பேச்சு இல்லை. கல்யாண வீட்டில் எதிரில் வந்தால் நான் பந்தலைப் பார்ப்பேன், அவன் பந்தியைப் பார்ப்பான்.

நவம்பர் 9, புதன்

மழை. மூன்று வீட்டில் படம் இல்லை. பூரணம் போய்ச் சரி செய்தாள். வடக்குத் தெருப் பக்கம் போகவில்லை. விசாரித்துவிட்டேன்.

நவம்பர் 15, செவ்வாய்

மறுபடியும் பை. குளிக்கப் போன நேரம் திறந்து பார்த்தேன். என் வீட்டில் இருக்கிற பையை நான் பார்ப்பதில் தப்பில்லை. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கம்பெனிப் பெயரே இல்லை. பெயர் இல்லாத பொருள் என்றாலே எனக்கு ஆகாது.

ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"என்னத்த தேடுதிய, அத்தை?"

"நீ என்னத்த ஒளிக்கியோ அதத்தான்."

"ஒளிக்கணும்னா பரண்ல வச்சிருப்பேன். ஆணியில தொங்கவிட்டிருப்பேனா?"

"இது எந்தக் கம்பெனி பெட்டி?"

"எந்தக் கம்பெனியும் இல்ல. எவன் வேணும்னாலும் செய்யலாம். தென்காசியில மூணு கடையில விக்கான்."

அப்புறம் உட்கார்ந்து சொன்னாள். இன்டர்நெட்டில் படம் எப்படி வர வேண்டும், பெட்டி அதை எப்படி வாங்க வேண்டும் என்று பொதுவில் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அந்த விதிப்படி செய்த பெட்டி, அந்த விதிப்படி வருகிற எந்த லைனிலும் ஓடும். நம் லைனில் ஓடும், அவன் லைனில் ஓடும், கோயம்புத்தூரில் ஓடும்.

"அப்ப நம்ம ஆளு பெட்டியத் தூக்கிட்டு பால்துரை லைனுக்குப் போயிருவான்லா?" என்றேன்.

"போவான்."

"சாவகாசமாச் சொல்லுத! போக வழி வச்சு எவளாவது யாவாரம் செய்வாளா?"

"போக வழி இருந்தாத்தான் அத்தை பயமில்லாம உள்ள வருவாங்க. ஊருல பாதிப் பேரு போன்ல படம் பாக்கான். டிவி பிடிக்காமலா? 2017ல பட்டது மறக்கல. பெட்டி வாங்க பயப்படுதான். இது எந்நாளும் வீணாப் போகாது, லைன் மாறினா பெட்டி கூடவே வரும்னு சொல்லிப் பாருங்க. லாட்ஜ் வாங்கும், மண்டி வாங்கும், டீக்கடை வாங்கும். வாங்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சா செய்யுறதுக்கும் பத்துப் பேரு வருவான்."

அவள் அடுக்களையைப் பார்த்தாள்.

"அந்தக் குக்கருக்கு வளையம் கிடைச்சுதா?" என்றாள்.

வாய் அதிகம். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான்.

நவம்பர் 18, வெள்ளி

கிரிதரன் பத்து ஐந்துக்கு வந்தான். இந்த முறை டீயை முழுதாகக் குடித்தான். போன தடவை நான் டம்ளரைப் பார்த்ததை அவனும் பார்த்திருக்கிறான். உஷாரானவன்.

நான் கேட்டதும் அவன் சொன்னதும்:

உன் பெட்டி பால்துரை லைனில் ஓடுமா? "அது எதுக்கும்மா ஓடணும்? எங்க லைன்ல மட்டும்தான். உங்க ஆளு எங்கயும் போக முடியாது. அதானே உங்களுக்கு நல்லது?"

கம்பெனி மூடிவிட்டால்? சிரித்தான். "நாங்க எங்கம்மா மூடப் போறோம்?" பத்து இருபதுக்குச் சிரித்தான்.

கோயில் கொடை, எலுமிச்சை மண்டி ஏலம் எல்லாம் காட்டுகிற நம் உள்ளூர்ச் சேனல் அதில் வருமா? "ஹெட் ஆபீஸ்ல ரிக்வெஸ்ட் போடலாம்."

உங்க ஆளு எங்கயும் போக முடியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பூட்டு நல்லதுதான், சாவி நம்மிடம் இருந்தால். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்க மறந்துவிட்டேன். அடுத்த முறை கேட்க வேண்டும்.

நவம்பர் 23, புதன்

மூன்று வீடு போனது. ஒருத்தி வேண்டாம் என்று சொல்லக்கூட வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்தே "இனிமே போன்ல பாத்துக்கிடுதோம் ஆச்சி" என்றாள். அவள் கல்யாணத்துக்கு எட்டு நாள் எங்கள் சேனலில் வாழ்த்துப் போட்டோம். 2009, ஆவணி.

பேத்தி கோமுவும் சுவரில் சாய்ந்து போனில்தான் பார்க்கிறாள். அவள் தலைக்கு மேலே எங்கள் டிவி ஓடுகிறது.

209.

நவம்பர் 29, செவ்வாய்

இன்று பின்னாலேயே போனேன். ஆட்டோ பிடித்து, முக்காடு போட்டு. ஆட்டோக்காரர், சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து, "யாரு வீட்டு துட்டி, ஆச்சி?" என்று கேட்டார்.

நினைத்தது சரி. பால்துரை வீட்டு வாசலில் பூரணத்தின் வண்டி. ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு டிவி, நடுவில் அந்தப் பெயரில்லாப் பெட்டி. இவள் தரையில் உட்கார்ந்து ஒயரைச் சொருகுகிறாள். அவன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. பூரணம் சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பு எப்போது சிரித்தாள் என்று யோசித்தேன். ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாத ஒன்று.

அவன்தான் என்னைப் பார்த்தான். எழுந்து வாசலுக்கு வந்தான்.

"வாங்க மைனி. வெயில்ல ஏன் நிக்கிய?"

இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, அதுவும் அண்ணி முறை வைத்து. நான் அவனிடம் பேசவில்லை. பூரணத்திடம் பேசினேன்.

"எத்தன வீட்ட இவனுக்கு எழுதிக் குடுத்த?"

"ஒரு வீடும் இல்ல, அத்தை. நீங்களே கேளுங்க." அவள் முகம் சிவந்துவிட்டது. "தென்காசியில இருந்து இன்டர்நெட்டுக்குப் பெரிய லைன் இழுக்கணும்னா நானூறு வீடு இருந்தாத்தான் குடுப்பாங்களாம். டிசம்பர் பாதிக்குள்ள சொல்லணும். நம்மகிட்ட இருநூத்தி ஒம்பது, இவங்ககிட்ட நூத்தித் தொண்ணூத்தஞ்சு. தனித்தனியா நின்னா ரெண்டு பேருக்கும் கிடையாது. சேந்தா நானூத்தி நாலு. பெட்டி பொதுப் பெட்டி. அவங்கவங்க வீடு அவங்கவங்களுக்கு."

"எங்கிட்டச் சொல்லுறதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பியளா?"

பால்துரை தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். நான் தொடவில்லை.

"மைனி, நான் உங்ககிட்ட சண்டைக்கு வரல," என்றான். "அரையிறுதி அன்னைக்கு நான் மண்டி மாடியில நின்னேன். கம்பம் அங்கேயிருந்து நல்லாத் தெரியும்." அதன் பிறகு மெதுவாக ஒன்று சொன்னான்.

அவன் என்ன சொன்னான் என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

டிசம்பர் 1, வியாழன்

இட்லிப் பொடி திரித்தேன். மிளகாய் நெடி.

நம் ஒயர் போகிற ஒவ்வொரு கம்பத்திலும் சிவப்புத் துணி கட்டியிருக்கும். வருஷா வருஷம் மாற்றுவது என் வேலை. கட்டும் பழக்கம் 1996 ஏப்ரலில் வந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 3, சனி

பூரணம் சொல்வதையும் நம்ப முடியாது, கிரிதரன் சொல்வதையும் நம்ப முடியாது. பால்துரையைக் கேட்கவே வேண்டாம். பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

காலையில் கிரிதரனின் சோதனைப் பெட்டியைக் கழற்றினேன். பெயரில்லாப் பெட்டியை எடுத்தேன். இரண்டையும் அரிசிப் பையில் போட்டு, மேலே ஒரு சேலையை வைத்து மூடி, பூரணத்தைக் கூட்டிக்கொண்டு பால்துரை வீட்டுக்கே போனேன்.

"மாட்டு," என்றேன் அவனிடம். என் பக்கத்து முதல் வார்த்தை.

"எத மொதல்ல, மைனி?"

"பெயரில்லாதத."

மாட்டினான். கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் படம் வந்தது. பூரணம் ரிமோட்டை அழுத்தினாள். நம் உள்ளூர்ச் சேனல்! பூரணம் அதை இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறாள். போன ஞாயிறு மண்டி ஏலம், கூடை கூடையாக எலுமிச்சை, பக்கத்தில் மேலப்பாளையத்து வியாபாரி மூக்கைச் சொறிகிறார். என் சேனல் அவன் வீட்டு டிவியில் ஓடுகிறது. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. படம் நம் வீட்டைவிடத் தெளிவாக இருந்தது, அதற்குத்தான் கோபம் வந்தது.

"இப்ப மத்தத."

கிரிதரனின் பெட்டி. வட்டம் சுற்றியது. நின்றது. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி, மஞ்சள் எழுத்தில், மேலேயும் கீழேயும் கோடு போட்டு.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வரியைத் தெரியும். முதல் எழுத்து வாய் திறந்த வளையல் மாதிரி, இரண்டாவது முழு வளையல். மூன்று வார்த்தை. 2017 பிப்ரவரி 20 காலையில் 430 வீட்டிலும் அதே வரிதான் நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்று அதைப் பார்த்தேன். எந்தப் பெட்டி என்றாலும் பூட்டு இந்த ஒரு வரியைத்தான் பேசும் போல.

"என்ன போட்டிருக்கான்?" என்றேன்.

பூரணம் படித்தாள். "உங்க ஆபரேட்டரைக் கூப்பிடுங்கன்னு போட்டிருக்கு, அத்தை."

ஆபரேட்டர் நான்தான். அன்றைக்கு 430 பேரும் என்னை ஏன் தேடி வந்தார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. கம்பெனி பூட்டைப் போட்டுவிட்டு, கதவைத் தட்ட என் வீட்டைக் காட்டியிருக்கிறது.

சாவி யாரிடம் இருக்கும் என்று கிரிதரனிடம் கேட்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

அதோடு விடவில்லை. பால்துரை வாங்கி வைத்திருந்த பெயரில்லாப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து நம் லைனில் மாட்டினேன். ஓடியது. பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் வேறு யாரோ கொடுத்த லைனில் மாட்டினேன். ஓடியது. லாட்ஜ்காரர் "இது எங்க கிடைக்கும், ஆச்சி? பதினாறு ரூமுக்கும் வேணும்" என்றார். அந்தப் பெட்டிக்கு யார் வீடு, யார் எதிரி என்று ஒன்றும் தெரியவில்லை.

பால்துரை வீட்டில் இன்று தண்ணீர் குடித்தேன். நடந்த களைப்பு, அவ்வளவுதான்.

டிசம்பர் 6, செவ்வாய். திருக்கார்த்திகை

விளக்கு ஏற்றிவிட்டு எழுதுகிறேன். சாயங்காலம் ஆறே முக்கால். கோமுவும் பூரணமும் சொக்கப்பனை பார்க்கப் போயிருக்கிறார்கள்.

29-ஆம் தேதி பால்துரை சொன்னது இது: "கம்பத்து மேல அண்ணாச்சி, கீழ நீங்க. நீங்கதான் கையக் காட்டினிய. ரெண்டு ஒயரும் ஒரே கறுப்பு, மைனி. ஒரே கடையில வாங்குனது."

சரி. எழுதுகிறேன். டைரி வைத்திருப்பது நடந்ததை எழுதத்தான்.

அவன் பக்கம் வீடு போய்க்கொண்டே இருந்தது. அரையிறுதி அன்றைக்கு அவன் படம் நின்றால், அத்தனை பேரும் நம்மிடம் வருவார்கள் என்று சொன்னது நான். என் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. "பாவம்ட்டி, ஏணி பிடிச்ச பய" என்றார். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து ஏற வைத்தேன். மேலேயிருந்து குறடைக் கையில் வைத்துக்கொண்டு "இதுவா?" என்று கேட்டார். "அதேதான், வெட்டுங்க" என்றேன்.

அது நம் ஒயர்.

380 வீடு இருண்டது. தெருவுக்கு வந்த ஜனங்களிடம் நான் ஒரு பெயரைச் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. அவன் டிஷ்ஷை உடைத்தார்கள். அவன் கண்ணால் கண்டவன். அன்றே வாயைத் திறந்திருக்கலாம். அண்ணாச்சி முகத்துக்காகத் திறக்கவில்லையாம்.

அவர் அதற்குப் பிறகு கம்பத்தில் ஏறவே இல்லை. லைன்மேன் மாசானத்தை வைத்தோம். முழங்கால் வலி என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அப்புறம்தான் சிவப்புத் துணி. எது நம்முடையது என்று தெரிய வேண்டும் அல்லவா.

டிசம்பர் 10, சனி

கிரிதரன் பத்திரத்தோடு வந்தான். பேனாவைத் திறந்தே கொடுத்தான். நான் டைரியைத் திறந்தேன்.

"நவம்பர் மூணு, வியாழக்கிழமை. 'மீதியை நாங்க பாத்துக்கறோம்.' சொன்னியா?"

"சொன்னேம்மா."

"நவம்பர் பதினெட்டு, பத்து இருபது. 'நாங்க எங்கம்மா மூடப் போறோம்.' சொன்னியா?"

"ஆமா... எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்களா?"

"சிரிச்சதையும் எழுதியிருக்கேன். இப்ப நீ எழுது. கம்பெனி மூடினாலும், நாங்க விலகினாலும், இந்தப் பெட்டி அடுத்தவன் லைன்ல ஓடும்னு அந்தப் பத்திரத்துல ஒரு வரி எழுது. இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

பேனாவைப் பார்த்தான். பத்திரத்தைப் பார்த்தான். "அது பாலிசி இல்லம்மா. அப்படி எழுதினா அப்புறம் எங்க பெட்டிக்கும் மத்ததுக்கும் என்ன வித்தியாசம்?"

"அதத்தான் தம்பி நானும் கேக்கேன்."

அவனைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய் 316 பெட்டியையும் காட்டினேன். கூரைக்கு ஒரு முழம் குறைய அடுக்கியிருக்கிறது. அதன் மேல் குக்கர். போகும்போது பேனாவை மறந்துவிட்டான். இதை அதில்தான் எழுதுகிறேன். நல்லா எழுதுகிறது.

டீ பாதி மிச்சம்.

டிசம்பர் 12, திங்கள்

பால்துரை பக்கம் ஆறு வீடு போன் டிவிக்குப் போய்விட்டது. மொத்தம் 398. இரண்டு குறைகிறது. பூரணம் சாப்பிடவில்லை.

டிசம்பர் 13, செவ்வாய்

இன்று நானே பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தையல்கார இராசம்மாள் வீட்டுக்குப் போனேன். ஐந்து வருஷமும் பத்து மாசமும் ஆகிறது அந்தப் படி ஏறி.

"மறுபடியும் பெட்டியா?" என்றாள். "நீங்க பொறுப்பா?"

"பொறுப்பில்ல," என்றேன். "என்னப் பிடிக்கலன்னா இத நாளைக்கே தூக்கிட்டு பால்துரைட்டப் போகலாம். அவரப் பிடிக்கலன்னா வேற எவன்ட்டயும் போகலாம். பெட்டி உன்னோடது. என் பேர நம்பாத. மாட்டிப் பாரு."

மாட்டிப் பார்த்தாள். மருமகளைக் கூப்பிட்டாள். மருமகள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். போக வழி இருக்கிறதா என்று மூன்று பேரும் மூன்று தடவை கேட்டார்கள். இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னேன். என் வாயால் இப்படி ஒரு வியாபாரம் பேசுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் பெயரையும் இந்த டைரியில் ஏற்றியிருப்பேன்.

சாயங்காலம் 411. புதிதாக வந்த பதின்மூன்றில் ஒன்பது வீடு 2017-ல் போனவை.

கோலத்தைப் பற்றி இராசம்மாள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறக்கவும் இல்லை.

டிசம்பர் 16, வெள்ளி. மார்கழி 1

மண்டி முக்குக் கம்பத்தில் இரண்டு லைனையும் இணைத்தார்கள். காலை பத்தரை. மாசானம் மேலே, பூரணம் கீழே மடியில் கம்ப்யூட்டரோடு. பால்துரை குடை பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டம் கூடிவிட்டது. இந்த ஊரில் ஒருத்தர் கம்பத்தில் ஏறினால் பத்துப் பேர் கீழே நின்று யோசனை சொல்வார்கள்.

இராசம்மாள்தான் கேட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"ஏக்கா, அன்னைக்கு உங்க ஒயர அறுத்த ஆளோடயா சேருதிய?"

பூரணம் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள். பால்துரை குடையைச் சரி செய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டான். இன்றைக்கும் அவன் வாயைத் திறக்க மாட்டான் என்று தெரிந்தது. நான் பேசாமல் இருந்தாலும் இணைப்பு நடந்துவிடும். 411 வீடு குறையாது. பேசினால் குறையலாம்.

"அறுத்தது அவரு இல்ல," என்றேன். "நாங்கதான். அவரு ஒயருன்னு நெனச்சு எங்க ஒயரயே அறுத்தோம். கையக் காட்டினது நான்."

யாரோ சிரித்தார்கள். யாரோ "அடப்பாவி" என்றார்கள். ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் எறிஞ்ச கல்லு?" என்றார். இராசம்மாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, படம் எப்ப வரும்?" என்றாள்.

பால்துரை குடையை மடக்கினான். கண் கலங்கியிருந்தது. வெயில் கூசியிருக்கலாம்.

மேலேயிருந்து மாசானம் கத்தினார். "ஆச்சி, இதுல எது உங்க ஒயரு, எது அவங்க ஒயரு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டும் கறுப்பு. ஒன்றில் மட்டும் என் சிவப்புத் துணி, வெளுத்துப் போய்.

"எதுவா இருந்தா என்ன," என்றேன். "ரெண்டையும் சேத்து முடுக்கு. அந்தத் துணிய அவுத்துப் போடு."

துணி காற்றில் சுற்றிச் சுற்றி வந்து பால்துரையின் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான்.

"இனிமே எதுக்கு, மைனி?" என்றான்.

வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும்.